காட்டு இறைச்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெல்பர்னில் சூப்பர் மார்க்கெட்டில் கங்காரு இறைச்சி ஆட்டுக்கறியைவிட மலிவாகக் கிடைக்கிறது. மூன்று முறை வாங்கி, மட்டன் குழம்பு வைப்பது போலவே குக்கரில் வைத்தேன். மூன்று முறையும் ரப்பர் போல ஆகிவிட்டது. எத்தனை விசில் விடவேண்டும்?
(வாசகி, மெல்பர்ன்)

நீங்கள் வாங்கியது ஃபில்லட் அல்லது ஸ்டேக் என்றால் ஒரு விசில்கூட வேண்டாம். அந்தக் கறி கெட்டதே குக்கரில்தான்.

ஆட்டுத் தொடையிலும் சந்திலும் கொழுப்பும் இணைப்புத் திசுவும் கலந்திருக்கும். நேரம் போகப் போக அந்தத் திசு உருகிப் பசையாகிக் கறியைப் பஞ்சாக்கும். கங்காருவின் முதுகுக்கறியில் இரண்டுமே மிகக் குறைவு. கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. உருக எதுவும் இல்லாததால், வேக வேக உள்ளிருக்கும் நீர் மட்டும் வெளியேறும். 65 டிகிரியைத் தாண்டியதும் நார்கள் இறுகத் தொடங்கும். குக்கருக்குள் சூடு 115 டிகிரிக்கு மேல். பத்து விசில் விட்டாலும் அது மெத்தென்று ஆகாது, மேலும் வறண்டுதான் போகும்.

ஃபில்லட்டை மிளகு வறுவலாகச் செய்யுங்கள். அரைக் கிலோவுக்கு அளவு இது. பையைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை அடிக்கும். காற்றில்லாத பையில் அடைபட்ட வாடை அது. பத்து நிமிடம் திறந்து வைத்தால் போய்விடும், போகாவிட்டால் கறி கெட்டுவிட்டது. மஞ்சள் போட்டுத் தண்ணீரில் அலச வேண்டாம், ஈரம் ஏறிய கறி வறுபடாது. பையில் தேங்கிய சிவப்பு நீரை வடித்துவிட்டு, காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். வெள்ளியாக மின்னும் சவ்வு ஒன்று மேலே ஒட்டியிருக்கும். கத்தி நுனியை அதனடியில் நுழைத்து உரித்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால் சூட்டில் சுருங்கிக் கறியைச் சுருட்டி இழுக்கும். பிறகு நாருக்குக் குறுக்கே, ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டுங்கள்.

இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒன்றரை டீஸ்பூன், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துப் பிசிறி அரை மணி நேரம் வைத்தால் போதும். தயிரில் இரவு முழுக்க ஊறவைக்கும் பழக்கம் இதற்கு ஆகாது. கொழுப்பில்லாத கறியின் மேல்புறத்தைப் புளிப்பு மாவாக்கிவிடும், உள்ளே எதுவும் மாறியிருக்காது. உப்பு, சட்டியில் போடும் நொடியில்தான்.

முதலில் மசாலாவைத் தனியாக முடித்துவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் அரை டீஸ்பூன் சோம்பு, இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம் 150 கிராம் சேர்த்துச் சிவக்க வதக்கி இறக்கி வையுங்கள். பிறகு இரும்புச் சட்டியைத் தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடும் அளவுக்குக் காயவிட்டு, கறியை மூன்று பங்காகப் பிரித்துப் பங்கு பங்காகப் போடுங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம், மறுபக்கம் முக்கால் நிமிடம். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் சட்டி சூடிழந்து, கறி நீர் விட்டு, அந்த நீரிலேயே வேகும்; பிறகு காப்பாற்ற வழியில்லை. எடுத்த கறியை இறக்கி வைத்த மசாலாவோடு புரட்டி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். நடுவில் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். நம் வீடுகளில் இது பலருக்கு ஒப்பாது என்று தெரியும். ஆனால் இந்தக் கறியை இப்படித்தான் சாப்பிட முடியும்.

குழம்புதான் வேண்டும் என்றால் வாலை வாங்குங்கள். கங்காரு வால், எலும்பும் தசைநாரும் பசையும் நிறைந்த பகுதி. ஆட்டுக்கால் பாயா பிடித்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகாது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் காலங்காலமாக நெருப்புக் குழியில் புதைத்துச் சுட்டு உண்ணும் பகுதியும் வால்தான். ஒரு கிலோ வால் துண்டுகளை எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டு, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி, முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து 45 நிமிடம் வையுங்கள். அழுத்தம் தானே அடங்கட்டும். அரை மூடித் தேங்காயைச் சோம்போடு அரைத்து விடுங்கள். கறியில் இல்லாத கொழுப்பைத் தேங்காய்தான் கொடுக்கவேண்டும்.

கர்ப்பிணிப் பெண்கள் கங்காரு சாப்பிடலாமா? கொழுப்பே இல்லை, இரும்புச்சத்து அதிகம் என்கிறார்களே?
(வாசகர், சிட்னி)

சாப்பிடலாம், ஆனால் நடுவில் சிவப்பு வைத்த வறுவல் கூடாது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கங்காருக்களிடம் காணப்படுகிறது. வயிற்றிலுள்ள குழந்தைக்கு அது ஆபத்து. கொத்துக்கறி வாங்கிக் கோலா உருண்டையாகச் செய்யுங்கள். அரைக் கிலோவுக்கு 75 கிராம் ஆட்டுக்கொழுப்பு சேர்த்து அரைத்து, உள்ளே சிவப்பு துளியும் இல்லாமல், 71 டிகிரிக்கு மேல் வேகவிடுங்கள். கொழுப்பு சேர்க்காவிட்டால் உருண்டை எண்ணெயில் உதிரும்.

"கொழுப்பே இல்லை" என்பதைத் தனிச் சிறப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொழுப்பும் மாவுப்பொருளும் இல்லாமல் மெலிந்த இறைச்சியை மட்டுமே தின்று குளிர்காலம் கழித்த வடதுருவப் பக்க வேட்டைக்காரர்கள் நோயுற்று இளைத்திருக்கிறார்கள். முயல் பட்டினி என்றே அதற்குப் பெயர். சோறும் எண்ணெயும் உள்ள நம் தட்டில் அந்தப் பயம் இல்லை.

என்னோடு வேலை செய்பவர் தான் சுட்ட மானில் பாதித் தொடையைத் தந்தார். கனடாவில் மானுக்கு ஏதோ மூளை நோய் என்கிறார்கள். பயமில்லாமல் சமைக்கலாமா? ஊரில் போல வத்தல் போடலாமா?
(வாசகர், எட்மன்டன்)

நீங்கள் இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தில் அந்த நோய் மான்களிடையே பரவியிருக்கிறது. அதனால் முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தாரா? அங்கே அதற்கு அரசு ஏற்பாடு உண்டு, சில பகுதிகளில் கட்டாயமும்கூட. முடிவு வரும்வரை தேதி எழுதி உறைபெட்டியில் வையுங்கள். நோய் உறுதியானால் வீசிவிடுங்கள். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான பதிவு இதுவரை இல்லை. ஆனால் இந்த நோயைப் பரப்பும் புரதம் கொதிக்கவைத்தாலும் அழியாது. நோயில்லை என்றாலும் மூளை, தண்டுவடம், மண்ணீரல், நிணநீர்க் கட்டிகள் வேண்டாம்.

அடுத்து, குண்டு பட்ட இடம். ஈயக் குண்டு உடம்புக்குள் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றிலும் வெகுதூரம் போகும். இரத்தம் கட்டிக் கறுத்த பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். பொதுவாக அரைத்த கறியில்தான் ஈயம் அதிகம் கலக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஈயமில்லாத செப்புக் குண்டால் சுட்டதை மட்டும் வாங்குவது நல்லது.

மான்கறி வீச்சமடிக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் மான் கொழுப்பைத்தான் குறை சொல்கிறார்கள். மெழுகு போல நாக்கில் ஒட்டும் அந்த வெள்ளைக் கொழுப்பை முழுக்கச் செதுக்கிவிட்டு, சமையலுக்கு வேறு எண்ணெய் ஊற்றுங்கள்.

வத்தல் போடலாம். ஆனால் இலங்கையின் வன்னி வெயிலும் அடுப்புப் புகையும் செய்த வேலையை எட்மன்டன் வீட்டுச் சமையலறை செய்யாது. அரைச் சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டி, உப்பும் மிளகும் தடவி, முதலில் ஓவனில் உள்சூடு 71 டிகிரி வரும்வரை வையுங்கள். அதன்பிறகுதான் 60 டிகிரியில் காயவிட வேண்டும். நேரே குறைந்த சூட்டில் காயவிட்டால் மேல்புறம் உலர்ந்துவிடும், உள்ளே கிருமி பிழைத்துக்கொள்ளும். வளைத்தால் கீறல் விழவேண்டும், ஆனால் இரண்டாக ஒடியக் கூடாது. அதுதான் பதம்.

ஜெர்மனியில் காட்டுப்பன்றி வாங்கி, எங்கள் முறைப்படி வறுத்த தூள் போட்டுச் சமைக்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகி, மியூனிக்)

கடையிலோ வேட்டைக்காரரிடமோ வாங்குங்கள், ஆனால் டிரிக்கினா என்னும் புழுவுக்கான சோதனை முடிந்ததா என்று கேட்டு வாங்குங்கள். அங்கே அது சட்டப்படி கட்டாயம். உறைபெட்டியில் வைத்தால் புழு செத்துவிடும் என்ற நம்பிக்கை வீட்டுப் பன்றிக்கு ஓரளவு பொருந்தும். காட்டு விலங்குகளில் குளிரைத் தாங்கும் இனங்கள் உண்டு, முழுமையான வேக்காடுதான் காப்பு.

பவேரியாவில் இன்னொன்றும் கேட்கவேண்டும். 1986இல் செர்னோபில் விபத்தில் விழுந்த கதிரியக்கச் சீசியம் அங்கே காட்டு மண்ணில் இன்னும் கிடக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளின் மிச்சமும் அதில் சேர்ந்திருக்கிறது. மண்ணுக்குள் விளையும் ஒருவகைக் காளான் அதை உறிஞ்சுகிறது, பன்றி அந்தக் காளானைக் கிண்டித் தின்கிறது. கதிரியக்கம் கிலோவுக்கு 600 பெக்கரலுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது என்பது விதி. அளந்து பார்த்த இறைச்சியா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

குளிர்காலச் சேர்க்கைப் பருவத்தில் சுடப்பட்ட முதிய ஆண்பன்றியின் கொழுப்பில் மூத்திர வாடை இருக்கும். எந்தத் தூளும் அதை மறைக்காது. நகத்தளவு கொழுப்பை வெறும் சட்டியில் பொரித்து முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். நல்லதாக இருந்தால், தோள்பகுதி ஒரு கிலோவுக்குக் கொறுக்காய்ப்புளி (குடம்புளி) மூன்று சுளை, வறுத்த தூள் மூன்று மேசைக்கரண்டி போட்டு, மூடி, சிறுதீயில் இரண்டரை மணி நேரம். இந்தக் கறிக்குப் பொறுமை கைகொடுக்கும், தோளில் உருகுவதற்குத் திசு இருக்கிறது.

எங்கள் பக்கம் சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை நடக்கும். வேட்டைக்குப் போகிறவர்கள் தரும் முயலை நாங்கள் சமைப்பதில் என்ன தப்பு? நாங்கள் கொல்லவில்லையே?
(வாசகி, சிங்கம்புணரி)

சட்டம் உங்களையும் சேர்த்தே பார்க்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி வேட்டையாடப்பட்ட விலங்கும் அதன் கறியும் அரசின் சொத்து, வைத்திருப்பதே குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுமுயல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது: மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை அனுமதியோடு சுட்டால்கூட அதன் கறியை எடுக்க முடியாது.

பாரிவேட்டை உங்கள் ஊர்ச் சாமியோடும் உறவோடும் கலந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கம் பிறந்தபோது இருந்த காடு இன்று இல்லை. அதே சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி மக்களும் இருக்கிறார்கள்.

முயல் ருசிதான் வேண்டும் என்றால் வளர்ப்பு முயலை வாங்குங்கள். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற கறி இனங்களைப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். மூன்று, நான்கு மாதக் குட்டியாகப் பார்த்து எடுங்கள். கால்களைக் குழம்பில் அரை மணி நேரம் வேகவிட்டு, முதுகுத் துண்டுகளைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவதால்தான் முயல்கறி சக்கை என்று பெயரெடுத்தது.

உடும்பு இரத்தம் குடித்தால் முதுகுவலி தீருமா?
(வாசகர், தேனி)

தீராது. பச்சை இரத்தத்தில் சால்மொனெல்லா கிருமி வரும். உடும்பு முதலாம் அட்டவணை விலங்கு, குறைந்தது மூன்றாண்டு சிறை. எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

சிட்னியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது என் பன்னிரண்டு வயது மகள் கங்காருவைத் தொடமாட்டேன் என்று அழுதுவிட்டாள். ஆனால் கோழி சாப்பிடுகிறாள். கொல்வது பாவம் என்றால் எல்லாமே பாவம்தானே?
(வாசகி, மதுரை)

அவளைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருந்திருந்தால் சரி. அவள் கேட்காமல் கேட்கும் கேள்வி பெரியது.

கறிக்கோழி கொட்டகையில் ஆறு வாரம் வாழ்கிறது, காட்டைப் பார்ப்பதில்லை. கங்காருவை யாரும் பண்ணையில் வளர்ப்பதில்லை. தன் போக்கில் மேய்ந்து திரிந்ததை, உரிமம் பெற்றவர் இரவில் விளக்கடித்து, மூளையில் குண்டு படும்படி சுடவேண்டும் என்பது அங்குள்ள விதி. வேறு இடத்தில் பட்டதைக் கறிக்கூடங்கள் ஏற்கக் கூடாது. ஆண்டுக்கு எத்தனை என்பதை ஒவ்வொரு மாநிலமும் நிர்ணயிக்கிறது. வாழ்ந்த வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் கங்காருவின் பக்கம் நியாயம் கூடுதல்.

ஆனால் அதில் ஒரு கொடுமையும் உண்டு, அதை மறைத்துப் பேசக் கூடாது. பெண் கங்காருவைச் சுட்டால் பையிலிருக்கும் குட்டியையும் கொன்றுவிட வேண்டும் என்கிறது அதே விதி, தாயில்லாமல் அது பட்டினியில் சாகும் என்பதால். இதனாலேயே ஆண் கங்காருவை மட்டும் வாங்கும் நிறுவனங்கள் உண்டு. வாங்குபவர் கேட்டால்தான் அது பரவும். தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்ன கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. "நான் கொல்லவில்லை, வாங்கினேன்" என்பதை அவர் பதிலாக ஏற்கவில்லை.

எல்லாம் பாவம், ஆகவே எதையும் தின்னலாம் என்று மகளிடம் வாதாடாதீர்கள். கோழி எப்படி வளர்கிறது என்று கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். அதன்பிறகு அவள் எதை விட்டாலும் தட்டில் பருப்பும் முட்டையும் சுண்டலும் தாராளமாக இருக்கட்டும், வளரும் வயது.

மீந்த கங்காரு வறுவலை மறுநாள் சூடாக்கினால் செருப்புத்தோல் ஆகிறதே?
(வாசகர், பிரிஸ்பேன்)

சூடாக்கவே வேண்டாம். குளிர்ந்தபடியே தீக்குச்சி அளவில் நறுக்கி, கொத்துப் பரோட்டாவை இறக்குவதற்கு அரை நிமிடம் முன்னால் தூவிப் புரட்டுங்கள். வால் குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.