அப்பாவைக் கூப்பிட்டுப் பேசலாமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் இப்போது முதல் பீரியடிலேயே தூங்கிவிடுகிறான். யாராவது சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. அப்பாவை வரச்சொல்லிப் பேசலாமா?
- ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேண்டாம் டீச்சர். 'பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ச் சொல்லிட்டியா' என்று அன்று ராத்திரி அடி விழப்போவது அம்மாவுக்கும் பையனுக்கும்தான். 'வீட்டுப்பாடம் செய்யவில்லை, பெற்றோர் கையெழுத்து தேவை' என்று டைரியில் எழுதி அனுப்பினாலும் அதே கதைதான்.

பையனைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், அதுவும் மற்ற பிள்ளைகள் எதிரில் வேண்டவே வேண்டாம். தூங்கினால் கொஞ்ச நேரம் விடுங்கள், வீட்டுப்பாடத்தைக் கடைசி பீரியடில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தே முடிக்கட்டும். அவனாக வாய் திறந்து, 'யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்' என்றால் சரி என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். 'உனக்கு உதவுறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்' என்பதுதான் நேர்மையான பதில்.

இங்கிலாந்தில், 2011ல் பிளிமத் நகரில் தொடங்கிய ஒரு திட்டப்படி, ராத்திரி ஒரு வீட்டில் அடிதடி என்று போலீஸ் போனால், மறுநாள் மணியடிப்பதற்குள் அந்தப் பிள்ளையின் பள்ளிக்குத் தகவல் போய்விடும். உங்களுக்கு அந்த வேலையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்திருக்கிறது!

அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். ஸ்காலர்ஷிப் ஃபாரம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று கூப்பிட ஒரு சாக்கா கிடைக்காது? 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதையும் சொல்லிவையுங்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில், அடிக்கக் கூடாது என்றும் வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்றும் நீதிமன்ற உத்தரவு வாங்க வழி இருக்கிறது. போவதா இருப்பதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் அவசரப்படுத்தாதீர்கள். ஆனால் பையன் மேலேயே அடி விழுகிறது என்று தெரிந்தால் யார் சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம், ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசுங்கள். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை.

அப்புறம், அம்மா பிள்ளையோடு தாய்வீட்டுக்கே போய்விட்டால், டி.சி. வர தாமதமாகிறது என்று சொல்லி அங்குள்ள பள்ளி அவனைச் சேர்க்காமல் இருக்க முடியாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. எந்த ஊருக்குப் போனான் என்பது மட்டும் ஸ்டாஃப் ரூம் பேச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.