ஜயன்ட்ஸ் அணிக்கு மாற்றிவிட்ட கோபத்தில்தான் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் ஓய்வு பெற்றாரா?

இல்லை. ஓய்வு முடிவு முந்தியது, அணி மாற்றம் பிந்தியது.

1956 டிசம்பர் 13 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி ராபின்சனைப் பரம வைரியான நியூயார்க் ஜயன்ட்ஸுக்குத் தள்ளிவிட்டது. பதிலுக்கு வாங்கியது டிக் லிட்டில்ஃபீல்டு என்ற பந்துவீச்சாளரையும் கொஞ்சம் பணத்தையும். அதற்குள் சாக் ஃபுல் ஓ நட்ஸ் என்ற காபிக்கடை நிறுவனத்தில் துணைத் தலைவராகச் சேர ராபின்சன் ஒப்புக்கொண்டிருந்தார். ஓய்வுச் செய்தியை முதலில் வெளியிடும் உரிமையை லுக் பத்திரிகைக்கு விற்றிருந்ததால் அவரால் உடனே வாய் திறக்க முடியவில்லை. ஜனவரியில் விஷயம் வெளியானதும் ஏமாற்றிவிட்டார் என்று நிருபர்கள் பாய்ந்தார்கள். தன் முடிவுக்கும் அணி மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஜயன்ட்ஸ் முதலாளி ஹொரேஸ் ஸ்டோன்ஹாமுக்கு அவரே கடிதம் எழுதினார்.

அவரைக் குறை சொன்னவர்கள்மீது எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. அன்றைய பேஸ்பால் ஒப்பந்தப்படி வீரர் அணியின் உடைமை. ஆண்டு முடிந்தாலும் வேறு அணிக்குத் தானாகப் போக முடியாது. அணி நினைத்தால் அவரைக் கேட்காமலே கைமாற்றலாம். ஆட்டத்தை விடுவது ஒன்றுதான் வீரர் கையில் இருந்தது. 1947 ஏப்ரல் 15 அன்று பெரிய லீக்குகளில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டிகளில், கறுப்பின வீரர்களுக்கு இருந்த தடையை உடைத்து உள்ளே வந்து, பத்து ஆண்டுகள் வசவையும் கொலை மிரட்டலையும் தாங்கியவர், எப்போது நிறுத்துவது என்பதையாவது தானே தீர்மானிக்கக் கூடாதா?

உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 38 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1949இல் .342 என்றிருந்த பேட்டிங் சராசரி (மட்டை பிடித்த வாய்ப்புகளில் ஹிட் அடித்த விகிதம்) 1956இல் .275 ஆகியிருந்தது. 1957இல் சர்க்கரை நோய் இருப்பதும் தெரியவந்தது.

ஆனால் கடைசிப் பந்துவரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1956 அக்டோபர் 10, ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம். எதிரணியான யாங்கீஸ் 9-0 என்று முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். ராபின்சன் பந்தை அடிக்கத் தவறி மூன்றாவது ஸ்ட்ரைக் வாங்கினார்; மூன்று ஸ்ட்ரைக் என்றால் வழக்கமாக அவுட். பந்தை யாங்கீஸின் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) யோகி பெரா நழுவவிட, அப்படி நழுவினால் ஓடலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு முதல் பேஸை நோக்கி ஓடினார். பெரா எறிந்த பந்து முந்திக்கொண்டது. அவர் ஆடிய கடைசிப் பெரிய லீக் ஆட்டம் அதுதான். அதன்பின் ஜயன்ட்ஸ் எவ்வளவு அழைத்தும் அவர் மனம் மாறவில்லை.