வெள்ளைக் கோட்டுக்குள் ஓட்டினால் பத்திரமா?

கேள்வி: தினமும் வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறேன். எங்கள் சாலையின் இடதுபுறம் கார்கள் வரிசையாக நிற்கும். அவற்றை ஒட்டி வெள்ளைக் கோடு போட்டு ஒன்றரை மீட்டர் சைக்கிள் பாதை விட்டிருக்கிறார்கள். அதற்குள்ளேயே ஓட்டுவது நல்லதா? ஏரியா சபைக் கூட்டத்தில் மனு கொடுக்கப்போகிறோம். எதைக் கேட்க வேண்டும்? (சென்னை வாசகர்)

பாதையின் நடுவில் ஓட்டாதீர்கள். வலது ஓரக் கோட்டின் மேலேயே சக்கரம் போகட்டும். காரணம், கார்க் கதவு. முழுதாகத் திறந்த கதவு ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் ஹேண்டில்பாரில் பாதி 30 செ.மீ. ஆக, நிற்கும் காரிலிருந்து சக்கரம் 1.3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நடுவில் போனால் 75 செ.மீ.தான் கிடைக்கும். மணிக்கு 15 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் போகிறீர்கள். கதவைப் பார்த்துப் பிரேக்கைத் தொடுவதற்குள் மோதிவிடும். ஹேண்டிலின் இடது முனையைக் கதவு தட்டினால் முன்சக்கரம் இடதுபக்கம் மடங்கும், உடல் வலதுபக்கம் சரியும். பின்னால் வரும் வண்டிக்கு முன்னால் போய் விழுவீர்கள்.

கதவைவிட ஆபத்தானது சந்திப்பு. சிக்னலில் பஸ்ஸோ லாரியோ நின்றால், கோடு வழிகாட்டினாலும் அதன் இடதுபக்கச் சந்தில் நுழையாதீர்கள், பின்னாலேயே நில்லுங்கள். நீளமான பஸ் இடதுபுறம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்தைவிட ஒன்றரை மீட்டர் அளவுக்கு உள்வாங்கிப் பின்சக்கரம் வரும். நீங்கள் நிற்கும் சந்தே அப்போது மறைந்துபோகும். நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டும் லண்டனில் 2011-இல் நீல வண்ணம் பூசிய சைக்கிள் பாதை ஒன்றைத் திறந்தார்கள். அந்த வழியிலிருக்கும் போ ரவுண்டானாவில் அதே ஆண்டின் கடைசியில் லாரி மோதி இரண்டு பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே சைக்கிளுக்கு முன்னதாக விழும் சிக்னலும், கல் வைத்துப் பிரித்த தடமும் வந்தன. வண்ணம் யாரையும் காப்பாற்றாது.

எனவே மனுவில் சந்திப்பை முதலில் எழுதுங்கள். தெருமுனையில் ஓரக்கல் வளையும் ஆரம் 10 மீட்டர் இருந்தால் கார் வேகத்தை அதிகம் குறைக்காமலே திரும்பும். பெரிய பஸ் திரும்பாத முனைகளில் 4 முதல் 6 மீட்டராகச் சுருக்கக் கேளுங்கள். சைக்கிள் கடக்கும் இடம் முனையிலிருந்து ஒரு கார் நீளம், அதாவது 4–5 மீட்டர், குறுக்குத் தெருவுக்குள் தள்ளி இருக்கட்டும். அப்போது திரும்பும் ஓட்டுநர் உங்களைக் கண்ணாடியில் தேட வேண்டாம், நேரெதிரே பார்ப்பார். சந்திப்புக்கு முந்தைய 10 மீட்டரில் பார்க்கிங் கூடாது.

அடுத்து, இடத்தை மாற்றச் சொல்லுங்கள்: நடைபாதையை ஒட்டிச் சைக்கிள் தடம், அதற்கு வலப்புறம் கார்கள். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலதுபக்கம். எல்லாக் காரிலும் ஓட்டுநர் இறங்குவார், இடதுபக்கம் சில நேரம்தான் ஆள் இறங்கும். கதவு திறக்கும் வாய்ப்பு அதிலேயே குறைந்துவிடும். இருந்தாலும் தடத்துக்கும் கார்களுக்கும் நடுவில் 75 செ.மீ. இடைவெளி வேண்டும். தடத்தின் அகலம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது; குறைந்தால் ஒருவரை ஒருவர் முந்தச் சாலைக்குத்தான் இறங்குவார்கள்.

தடுப்புக் கல் 15 செ.மீ. உயரத்தில் செங்குத்தாக இருந்தால் பெடல் இடித்துக் கவிழ்த்துவிடும். பெடல் கீழே வரும்போது தரையிலிருந்து 10 செ.மீ. அளவில்தான் இருக்கிறது. சைக்கிள் பக்கம் சரிவான, தாழ்ந்த கல் போதும். நுழைவில் கம்பங்களுக்கு இடையே 1.2 மீட்டர் விட்டால் ஆட்டோ நுழையாது, சக்கர நாற்காலி நுழையும். பைக்கை எந்தக் கம்பமும் தடுக்காது. அதன் ஹேண்டில் சைக்கிளைவிடச் சற்றுத்தான் அகலம். சாலை அடைபடும்போது பைக்குகள் உள்ளே வரத்தான் செய்யும், அதற்குப் போலீஸ்தான் வழி.

மழைநீர் வடிகால் மூடிகளை மறக்காதீர்கள். கம்பிகள் போகும் திசையிலேயே ஓடினால் டயர் இடுக்கில் இறங்கிவிடும், குறுக்கே இருக்க வேண்டும். தார் போட்டு முடித்ததும் மேன்ஹோல் மூடியைப் புதுத் தளத்தின் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்பதையும் வேலை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் குழி அப்படியே கிடக்கும்.

குறுகலான உள்தெருவுக்குத் தனித் தடம் தேவையில்லை. வேகத்தை 30 கி.மீ.க்குக் கட்டுப்படுத்தும் மேடுகள் போதும்.

கூட்டத்துக்கு முன் டேப் எடுத்துச் சாலையின் அகலத்தை மூன்று நான்கு இடங்களில் அளந்து, படத்துடன் மனுவில் இணையுங்கள். ‘இடமில்லை’ என்ற பதில்தான் முதலில் வரும்.