மூடியில் மங்கும் லோகோ: எதை நீக்குவது?

மரச்செக்கு எண்ணெய் தயாரிக்கும் வாசகர் ஒருவர் தம் நிறுவனத்தின் லோகோவை அனுப்பியிருக்கிறார். வட்டத்துக்குள் செக்கு, காளை, நிலக்கடலை, இலை, எண்ணெய்த் துளி ஆகிய ஐந்தும் இருக்க, பின்னணி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மெல்ல மாறுகிறது. கடைப் பலகையில் தெளிவாக இருப்பது பாட்டில் மூடியில் வெறும் திட்டாகிவிடுகிறதே, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

அச்சகத்தை மாற்றிப் பயனில்லை. பாரத ஸ்டேட் வங்கிக்காகச் சேகர் காமத் வடிவமைத்து 1971-இல் நடைமுறைக்கு வந்த சின்னத்தைப் பாருங்கள்: நீல வட்டம், நடுவில் சிறு துளை, அதிலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரு கீற்று. பணத்தின் படமோ கட்டடத்தின் படமோ அதில் இல்லை. ஆனாலும் பலர் கண்ணுக்கு அது சாவித்துளையாகப் படுகிறது. துளையும் கீற்றும் வட்டத்திலிருந்து வெட்டியெடுத்த வெற்றிடங்கள் என்பதால் ஒரே மையில், மிகச் சிறிய அளவில் அச்சிட்டாலும் உருவம் குலைவதில்லை.

வெற்றிடத்தைக் கையாள்வதில் இன்னும் நுட்பமானது, கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸுக்காக (FedEx) லிண்டன் லீடர் 1994-இல் உருவாக்கிய லோகோ. அதன் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு இடையே உள்ள வெள்ளை இடைவெளி அம்புக்குறியாக அமையும்படி எழுத்துகளின் வடிவமே திருத்தப்பட்டது. அம்புக்குத் தனி நிறம் தரவில்லை. அதைக் கவனிக்காதவருக்கும் பெயர் குறையின்றிப் படிக்கக் கிடைக்கிறது. (லோகோவில் மறைபொருள் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தப் பின்பாதியை மறந்துவிடுகிறார்கள்.)

உங்கள் லோகோவில் செக்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம். காளையும் கடலையும் இதே தொழிலில் உள்ள பலரும் போடுபவை. உரலையும் அதில் சாய்ந்து நிற்கும் உலக்கையையும் தட்டையான கறுப்பு வடிவங்களாக வரைந்து, உரலின் உடலில் துளி வடிவத்தை வெட்டியெடுக்கச் சொல்லுங்கள். நிறம் பிறகு வரட்டும். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, கை நீட்டும் தூரத்தில் அடையாளம் தெரிந்தால்தான் அடுத்த கட்டம். பெயருக்குத் தடித்த தமிழ் எழுத்துரு வேண்டாம். ‘ண’ போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் மையால் அடைபட்டுவிடும்.

வணிகக் குறியாகப் பதியும்போதும் கறுப்பு வெள்ளை வடிவம் உதவும். 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி, நிற வரம்பு இல்லாமல் பதிந்த குறி எல்லா நிறங்களுக்கும் பதிந்ததாகவே கருதப்படும்.