நிபந்தனையைக் குறையுங்கள், காகிதத்தைச் சேருங்கள்

கேள்வி: நூற்பாலை நடத்திய என் அப்பா தஞ்சாவூர் ஓவியங்கள், தேர்ச் சிற்பங்கள், சில வெண்கலப் படிமங்கள் என்று நிறையச் சேர்த்துவைத்துவிட்டுப் போனார். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைக்கிறோம். எல்லாம் ஒரே அறையில், அவர் பெயரில், எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: கேட்கலாம். ஆனால் ‘எப்போதும்’, ‘ஒரே அறை’ இரண்டையும் விட்டுவிடுங்கள். கிளாஸ்கோ கப்பல் முதலாளி வில்லியம் பரெல் 1944-இல் தன் சேகரிப்பை அந்த நகரத்துக்கே கொடுத்தார். ஊர்ப் புகை கலைப்பொருள்களைக் கெடுத்துவிடும் என்று பயந்து, கட்டடம் நகர மையத்திலிருந்து குறைந்தது 16 மைல் தள்ளி இருக்க வேண்டும் என்றார். பயம் நியாயம்தான். ஆனால் தோதான இடம் அமையாமலே 1958-இல் அவர் காலமானார். அறங்காவலர்கள் விதியைத் தளர்த்தி, நகருக்குள்ளேயே இருக்கும் பொல்லொக் பூங்காவில் திறந்தபோது 1983 ஆகிவிட்டது. வெளிநாட்டுக்கு இரவல் தரக் கூடாது என்ற தடையைத் தளர்த்த 2014-இல் ஸ்காட்லாந்தில் தனிச் சட்டமே போட்டார்கள்.

விளக்கப் பலகையில் அப்பா பெயர், விற்கக் கூடாது என்ற உறுதி, ஆய்வாளர்கள் பார்க்க அனுமதி: இவை போதும். தஞ்சாவூர் படத்தை வருஷம் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் வைப்பது அதற்கே நல்லதல்ல. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சின்மேல் தங்க ரேக்கு பதித்தது அது. ஈரப்பதம் ஏறி இறங்கினால் பலகை அசையும், பூச்சு வெடிக்கும்.

அப்புறம், உண்மையான சிக்கல் படிமங்களில் இருக்கிறது. நூறு வருஷம் கடந்த சிலை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். பதிவுச் சான்று வேண்டும், கை மாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். சான்று இல்லையென்றால் முதலில் வக்கீலைப் பாருங்கள். தேர்ச் சிற்பங்கள் எந்த ஊர்த் தேரிலிருந்து, யார் மூலம் வந்தன என்று கேட்பார்கள். ‘அப்பா வாங்கினார்’ என்ற பதிலோடு போனால் பொறுப்பான அருங்காட்சியகம் எதுவும் தொடாது. பழைய ரசீது, கடைக்காரர் கடிதம், வீட்டு விசேஷத்தில் சிலை தெரிகிற பழைய போட்டோ எதுவானாலும் எடுத்துவையுங்கள்.

ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, அளவோடு பட்டியல் போடுங்கள். படத்தின் பின்பக்கச் சீட்டைக் கிழிக்க வேண்டாம். தயவுசெய்து, கொடுக்கும் முன் பளபளப்பாக இருக்கட்டும் என்று படிமங்களைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.