வாசகர் கேள்வி: மதகு எத்தனை டிப்பர் தாங்கும்?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் மதகால் இரவிரவாக மணல் டிப்பர்கள் ஓடுகின்றன. மதகு தாங்கும் பாரத்தை ஒன்றுகூடத் தாண்டவில்லையாம். பிறகு ஏன் தட்டின் அடியில் வெடிப்பு? கம்பஸில் படிக்கும் மகள், இந்தச் சேதத்தைக் கணினியில் கணிக்கலாம் என்கிறாள். உண்மையா? – வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: மகள் சொல்வது சரி, தம்பி. டிப்பர்காரர் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

வார்த்த நாளிலிருந்தே கொங்கிறீட்டுக்குள், சல்லியும் சீமெந்தும் ஒட்டும் இடங்களில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. சில்லு ஏறும்போது அவை துளி நீளும். இறங்கும்போது முழுக்க மூடாது. இதைத்தான் கொங்கிறீட் களைப்பது என்கிறோம்.

பொறியியலாளர் வழக்கமாக எடுக்கும் ஒரு சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். உடைக்கும் பாரத்தில் 60 வீதத்தை ஏற்றி இறக்கினால் ஏறத்தாழ 7 இலட்சம் தடவை தாங்கும். 70 வீதமென்றால் 24,000 அளவில். 80 வீதத்தில் ஆயிரத்தைக்கூட எட்டாது! 'ஒரு கியூப் கூடப் போட்டால் என்ன?' என்று மாங்குளத்தில் என்னிடம் கேட்காத ஓட்டுநர் இல்லை. ஒரு கியூப் 100 கன அடி. ஈர மணலென்றால் 4 தொன்னுக்கு மேல். அது சின்ன மதகொன்றை 60இலிருந்து 70க்குத் தள்ளினால் ஆயுள் முப்பதில் ஒரு பங்காகிவிடும்.

பல அளவு பாரங்கள் கலந்து ஓடினால்? ஒவ்வோர் அளவிலும் ஓடிய தடவையை அந்த அளவு தாங்கக்கூடிய தடவையால் வகுத்துக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 1ஐத் தொட்டால் ஆயுள் முடிந்ததென்று கணக்கு. 1924இல் சுவீடனின் பாம்கிரென் குண்டு பெயாரிங்குக்குச் (ball bearing) சொன்னதை 1945இல் அமெரிக்கரான மைனர் பரப்பினார். எளிய விதி, ஆனால் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பெரிய பாரம் முதலில் வந்ததா, பிறகு வந்ததா என்பதை அது பார்க்காது, கொங்கிறீட் பார்க்கும். அதனால் இன்றைய கணினி மாதிரிகள் விறைப்பு, அதாவது பாரத்துக்கு வளையாமல் நிற்கும் தன்மை, குறைவதையே பின்தொடர்கின்றன: தொடக்கத்தில் சட்டென்று, நடுவில் நெடுங்காலம் மெதுவாக, கடைசியில் மறுபடி வேகமாக.

கம்பி போட்ட தட்டின் அடியில் மெல்லிய வெடிப்பு வருவது வழமைதான், பதற வேண்டாம். நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். மாரி முடியப் பாருங்கள். நனைந்த கொங்கிறீட் சீக்கிரம் களைக்கும். கோட்டைத் தாண்டினாலோ துருக்கறை வடிந்தாலோ பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள். கணக்குப் போட மகளுக்கு டிப்பர் எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொன்றிலும் எத்தனை கியூப் என்றும் குறித்துக் கொடுங்கள்.