ஐந்தாண்டு உயிர்வாழ்வு வீதம்: பெருங்குடல் புற்றுநோய் பற்றிச் சில கேள்விகள்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஐந்தாண்டு உயிர்வாழ்வு வீதம் என்ற ஒரே எண்ணைச் சுற்றியிருந்தன. அதைப் பார்த்துக் கலங்கியவர்களும் உண்டு, நம்பவே மறுத்தவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 65 சதவீதம் என்று படித்தேன். ஐந்து ஆண்டுதான் இருப்பார் என்று பொருளா?

இல்லை. நோய் கண்டறிந்து ஐந்தாண்டு கழித்தும் நூற்றுக்கு எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே அந்த எண்; அது கெடு வைக்கும் தேதி அல்ல. இந்த நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். ஆகவே ஐந்தாண்டைத் தாண்டியவரைக் குணமானவராகவே பெரும்பாலும் கருதலாம் என்பதால் அந்த இடத்தில் ஒரு மைல்கல் நட்டு வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் படித்த 65 அமெரிக்காவின் கணக்கு. அதில் எல்லா நிலைகளும் கலந்திருக்கின்றன. குடல் சுவரோடு நின்றவர்களுக்குச் சுமார் 90, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்கள் வரை பரவியவர்களுக்கு 70-ஐ ஒட்டி, கல்லீரல் நுரையீரல் என்று தொலைவுக்குப் போனவர்களுக்கு 15-ஐ ஒட்டி. அப்பா இருப்பது நடுவில் உள்ள கூட்டத்தில். இன்னொன்று: இது பல ஆண்டுகளுக்கு முன் நோய் கண்டறியப்பட்டவர்களின் கணக்கு, இன்றைய சிகிச்சை முழுவதும் அதில் இன்னும் ஏறவில்லை. நோய் திரும்பாமல் ஒவ்வோர் ஆண்டு கடக்கும்போதும் அவருக்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

கேள்வி: ஒரு நாடு முழுவதற்கும் இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மருத்துவமனைகள் தரும் எண்ணா?

மருத்துவமனை எண்ணை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நடந்து வரத் தெம்புள்ளவர்தான் பெரிய மருத்துவமனைக்கு வருகிறார். படுத்தபடியே போனவர் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு பகுதியில் வாழும் அனைவரையும் உள்ளடக்கும் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடுதான் முழுப் படத்தைக் காட்டும். டென்மார்க்கில் இது 1940-களிலேயே தொடங்கிவிட்டது. நார்வே, பின்லாந்து, சுவீடன் 1950-களில்.

பதிவேட்டு ஊழியரின் மேசையில் ஒருபுறம் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கை, மறுபுறம் இறப்புப் பதிவு. பெயரெழுத்து ஒன்று மாறியிருக்கும், பிறந்த தேதி ஒரு நாள் தள்ளியிருக்கும்; ஒரே ஆள்தானா என்று பொருத்திப் பார்ப்பதே பாதி வேலை. பொருத்தம் தவறினால் இறந்தவர் ஏட்டில் உயிரோடு இருப்பார். உயிர்வாழ்வு வீதம் பொய்யாக உயரும். வியக்கவைக்கும் எண்ணைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அடுத்து, மாரடைப்பிலும் முதுமையிலும் இறப்பவர்களை என்ன செய்வது? ஓர் எடுத்துக்காட்டு. 80 வயதுக்காரர்கள் 100 பேரில், புற்றுநோய் இல்லாவிட்டாலும் 60 பேர்தான் ஐந்தாண்டு கழித்து இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வயது நோயாளிகளில் 45 பேர் இருந்தால், 45-ஐ 60-ஆல் வகுக்கிறோம். 75 சதவீதம். இதுதான் சார்பு உயிர்வாழ்வு. நாளிதழ்களில் வருவது பெரும்பாலும் இந்த எண்தான்.

கேள்வி: அமெரிக்காவில் 1970-களின் நடுவில் 50 சதவீதமாக இருந்தது இப்போது 65 என்கிறார்கள். புது மருந்துகளாலா?

மருந்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அதற்குக் கிடைக்கும் விளம்பரத்தில் பாதியாவது கத்திக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மலக்குடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இடுப்பெலும்புக் கூட்டுக்குள், கை நுழையவே சிரமமான இடத்தில் இருக்கிறது. முன்பு அறுவை மருத்துவர்கள் விரலால் தடவிப் பிரித்தே கட்டியை எடுத்தார்கள். சுற்றியுள்ள கொழுப்புத் திசு கிழியும், அதிலுள்ள புற்றுச் செல்கள் அங்கேயே தங்கும், நோய் அதே இடத்தில் திரும்பும். இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கைச் சேர்ந்த பில் ஹீல்ட் 1982-ல் வேறு வழியை முன்வைத்தார்: அந்தக் கொழுப்பு ஓர் உறைக்குள் இருக்கிறது, உறை கிழியாமல், கண்ணால் பார்த்தபடி, கட்டியோடு முழுப் பொதியாக வெளியே எடுங்கள் என்று. நன்றாகச் செய்த அறுவையில் வெளிவரும் பொதி வழுவழுவென்று பளபளக்கும்; மோசமான அறுவையில் பிய்த்துப் போட்ட பஞ்சுபோல இருக்கும். நோய்க்குறியியல் மருத்துவர் தட்டில் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.

நார்வே இதை 1990-களில் நாடு தழுவிய பயிற்சியாக நடத்தியது. நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் இருந்த உள்ளூர் மறுதாக்கம், அதாவது நோய் அதே இடத்தில் திரும்புவது, பாதிக்கும் கீழே இறங்கியது. எந்தப் புது மருந்தும் இல்லை, மாறியது கைப்பழக்கம். சுவீடனில் அறுவைக்கு முன் ஒரு வாரக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். 1997-ல் வெளியான முடிவில் உள்ளூர் மறுதாக்கம் 27 சதவீதத்திலிருந்து 11 ஆனது, ஐந்தாண்டு உயிர்வாழ்வு 48-லிருந்து 58 ஆனது. உயிர்வாழ்வில் பெருங்குடல் புற்றுநோய்க்குப் பின்தங்கியிருந்த மலக்குடல் புற்றுநோய், நார்வே, சுவீடன் போன்ற வட ஐரோப்பிய நாடுகளில் அதை எட்டிப் பிடித்தது.

மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் கீமோதெரபி 1990-ல் வழக்கத்துக்கு வந்தது; 2004-ல் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தும் சேர்ந்தது. இந்த முன்னேற்றத்தில் 75 வயதைக் கடந்தவர்களுக்குக் கிடைத்த பங்கு குறைவு. அவர்களுக்குக் கீமோ குறைவாகவே தரப்படுகிறது, அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் இழப்பும் அதிகம்.

கேள்வி: சீக்கிரம் கண்டுபிடித்தால் கணக்கில் ஆண்டுகள் கூடத்தானே செய்யும்? எல்லாம் கண்கட்டு வித்தை இல்லையா?

பாதி சரி. எழுபதாவது வயதில் இறக்கப்போகும் ஒருவருக்கு 66-ல் நோய் தெரிந்தால் அவர் ஐந்தாண்டைத் தாண்டாதவர். 63-ல் தெரிந்தால் தாண்டியவர். இறந்த நாள் ஒன்றே.

இன்னொரு வித்தை இன்னும் நுட்பமானது. 'ஏ' பிரிவின் கடைசி மாணவனை 'பி' பிரிவுக்கு மாற்றினால், அவன் அங்கே முதல் மாணவன் ஆகிவிட்டால், இரண்டு பிரிவின் சராசரியும் உயரும்; யாரும் ஓர் எழுத்துக்கூடப் புதிதாகப் படிக்கவில்லை. ஸ்கேன் கூர்மையாகும்போதும் இதுவே நடக்கிறது. முன்பு தெரியாத சிறு கல்லீரல் புள்ளி தெரிந்ததும் மூன்றாம் நிலைக்காரர் நான்காம் நிலைக்குப் போகிறார், இரண்டு நிலைகளும் மேம்பட்டதுபோலத் தோன்றும். நிணநீர்க் கணுக்களைத் தேடி எண்ணுவதிலும் அப்படித்தான். குறைந்தது 12 பார்க்க வேண்டும் என்பது விதி.

அதனால்தான் உயிர்வாழ்வை மட்டும் தனியே பார்க்கக் கூடாது, மக்கள்தொகையில் இறப்பு வீதத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இந்த வித்தைகள் எதுவும் அதைத் தொட முடியாது. அமெரிக்காவில் 1970-ல் லட்சத்துக்கு 29 பேர் இந்த நோயில் இறந்தனர். 2020-ல் 13-ஐ ஒட்டி. ஆகவே முன்னேற்றம் நிஜம்.

ஒரு வேடிக்கை: கொலோனோஸ்கோபியில் (குடலுக்குள் குழாய்க் கேமராவால் பார்க்கும் பரிசோதனை) பாலிப் என்ற சிறு வளர்ச்சியை வெட்டி எடுத்துவிட்டால், அது புற்றுநோயாக மாற வழியில்லை. அப்படித் தப்பியவர் உயிர்வாழ்வுக் கணக்கில் எங்கேயும் இல்லை. மிகப் பெரிய வெற்றி அந்த ஏட்டில் வெற்றிடமாக நிற்கிறது.

கேள்வி: எனக்கு வயது 38. இது வயதானவர்கள் நோய்தானே?

பெரும்பாலும் ஆம். ஆனால் பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழே கூடிவருகிறது. அமெரிக்கா 2021-ல் பரிசோதனை தொடங்கும் வயதை 45 ஆகக் குறைத்தது. இளையவர்கள் முற்றிய நிலையில் வருவதற்கு ஒரு காரணம், மலத்தில் ரத்தம் கண்டதும் மூல நோய் என்று நோயாளியும் நினைப்பது, சில நேரம் மருத்துவரும் நினைப்பது. ரத்தம் தொடர்ந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலோ, ரத்தசோகைக்குக் காரணம் புரியாவிட்டாலோ குடலைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குக் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. இனி எண்ணிக்கை பார்த்துப் பயனில்லையா?

நான்காம் நிலையின் அந்த 15-ஐ ஒட்டிய சதவீதத்துக்குள் மிக வேறுபட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். கல்லீரலில் மட்டும் சில புள்ளிகள், அவற்றை வெட்டி எடுக்க முடியும் என்றால் அவர்களில் கணிசமானோர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். எனவே கல்லீரல் அறுவை மருத்துவர் ஒருவர் ஸ்கேனைப் பார்த்தாரா என்று கேளுங்கள். இரண்டாவது, கட்டித் திசுவில் டிஎன்ஏ பிழைதிருத்தக் குறைபாடு உள்ளதா என்று பரிசோதித்தார்களா? நான்காம் நிலையில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்கே அது இருக்கும். இருந்தால், கீமோவைவிட நோயெதிர்ப்பு சிகிச்சை நோயை நெடுநாள் அடக்கி வைக்கிறது என்பது 2020-ல் உறுதியானது. பயாப்சித் துண்டு ஏற்கெனவே ஆய்வகத்தில் இருக்கும். பெரும்பாலும் மீண்டும் திசு எடுக்க வேண்டியதில்லை.